லட்சுமி படத்துக்குப் பின்னால் இருந்த தோட்டம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
14.5.1988

மதிப்பிற்குரிய கமலாம்பிகை அம்மாவுக்கு, உங்களிடம் வீடு வாங்கிய பக்கிரிசாமியின் மகள் சந்திரிகா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். கோலாலம்பூரில் மகன் வீட்டில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இதைப் போன கடிதத்திலேயே கேட்டிருக்கலாம். அதை 'ஏமாற்றுக்காரர்களே' என்று ஆரம்பித்துவிட்டதால் நலம் விசாரிக்க இடம் வாய்க்கவில்லை. அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்.

நடந்ததில் உங்களுக்குப் பாதிதான் தெரியும், மீதியையும் சொல்லிவிடுகிறேன். வீடு வாங்கியபோது பட்டணத்து வழக்கறிஞர் எங்களுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினார். அவர் உட்கார்ந்திருந்தார், நாங்கள் நின்றோம். பன்னிரண்டு இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். "பஹாம்?" என்று அப்பாவிடம் கேட்டார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர் அப்பா. புரிந்ததா என்று மேலே இருப்பவர் யார் கேட்டாலும் "பஹாம், பஹாம்" என்று தலையாட்டித்தான் அவருக்குப் பழக்கம். வழக்கறிஞரோ அவருடைய குமாஸ்தாவோ ஒருவரும் இங்கே வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால், பின்கதவைத் திறந்ததும் ஒரு தோட்டம் இருப்பது ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

என் அம்மா ருக்குமணி ரப்பர் எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்தவள். எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது, காய்க்க ஆரம்பித்திருந்த முருங்கையை விட்டுவிட்டு வெளியேறினாள். அதற்குப் பிறகு எந்த வாடகை வீட்டிலும் பால்மாவு டின்னில்தான் எதையும் நட்டாள். டின் என்றால் தூக்கிக்கொண்டு போகலாம் அல்லவா? உங்கள் தோட்டத்தில்தான் முதல் முறையாக ஒரு கறிவேப்பிலைக் கன்றை மண்ணில் வைத்தாள். மூன்றாம் மாதம் நிலவரிச் சீட்டு வந்தது. அளவு குறைவாக இருக்கிறதே என்று நில அலுவலகத்துக்குப் போனேன். அங்கே நோர்மா என்ற அதிகாரி வரைபடத்தை விரித்து, "இது வீடு. இது தோட்டம். ரெண்டுக்கும் தனித்தனி கிராண்டு, அதாவது பட்டா. வீடு மட்டும்தான் உங்க பேருக்கு மாறியிருக்கு லா. தோட்டம் இன்னும் கமலாம்பிகை பேர்ல இருக்கு" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். மறுநாள் காலையில் அம்மா கறிவேப்பிலைக் கன்றைத் தோண்டி எடுத்துத் திரும்பவும் டின்னில் வைத்தாள்.

அதைப் பார்த்த கையோடு எழுதியதுதான் அந்தக் கடிதம். யாழ்ப்பாணத்தவரான உங்கள் ஆட்கள் எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணிகளாக நாற்காலியில் இருந்து பெயர் கூப்பிட்டவர்கள், எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றவர்கள். நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நம்புவது எனக்கு மிகச் சுலபமாக இருந்தது.

பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலைக்குப் போன் வந்தால் யாரோ செத்துப்போனதாகத்தான் அர்த்தம். சூப்பர்வைசர் முகம் வெளுத்து ஓடி வந்து என்னை அழைத்துப் போனார். நீங்கள் பேசினீர்கள்.

"பிள்ளை, உம்மட கடிதம் கிடைச்சது. எழுத்து நல்ல வடிவு."

"ஏம்மா எங்கள ஏமாத்துனீங்க?"

"மெல்லக் கதையும் பிள்ளை, எனக்குக் காது நல்லாக் கேக்கும். எனக்கே தெரியாத காணியை நான் எப்பிடி ஒளிக்கிறது?"

நான்கு நாள் கழித்து மறுபடியும் போன், தேடியதில் பட்டா கிடைத்துவிட்டது என்று. மறைந்த உங்கள் கணவர் நாகநாதன் ஐயா தோட்டத்தை உங்கள் பெயரில் வாங்கிய அன்று, பட்டாவை லட்சுமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று படத்தின் சட்டத்துக்குள்ளேயே வைத்து ஆணி அடித்துவிட்டார். இருபத்தேழு வருடம் வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் சந்தனம் வைத்தது உங்கள் சொந்த நிலத்துக்கு! "இவர் காட்டின இடத்தில கையெழுத்து வச்சன். வாசிச்சனே?" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் பன்னிரண்டு இடத்தில் வாசிக்காமல் போட்டவள்தானே.

பிறகு நீங்கள் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்தீர்கள். வழக்கறிஞர் புதுக் கட்டணம் என்று வாயெடுத்தார். "தம்பி, நீர் ஒருக்காலாவது அந்த வளவைப் போய்ப் பாத்தனீரோ? பாக்காத ஆளுக்கு என்னத்துக்குக் கட்டணம்?" என்றீர்கள். மனிதர் எழுந்து நின்று உங்களுக்கு நாற்காலி போட்டார். அப்பாவுக்கு எழாதவர் உங்களுக்கு எழுந்தாரே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நன்றி சொல்லும் கடிதத்திலும் அதை மறைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் அதில் உட்காரவில்லை. "பக்கிரிசாமி, நீர் இரும்" என்று அப்பாவை உட்கார வைத்தீர்கள். வழக்கறிஞர் வழக்கம்போல் "பஹாம்?" என்றார். நாற்காலி நுனியில் இருந்த அப்பா, "இல்ல. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். மூன்று தடவை சொல்ல வைத்தார். என் வாழ்க்கையில் அப்பாவை அவ்வளவு உயரமாக நான் பார்த்ததில்லை. பட்டாவை வாங்கிய நோர்மாகூட முகர்ந்து பார்த்து, இப்படி வாசமான கிராண்டு அந்த அலுவலகத்துக்கு வந்ததே இல்லை என்றார்.

தோட்டத்தை எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து கொட்டை கொண்டுவந்து நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரத்திலிருந்து வருடம் ஒரு கூடை பழம். அது என் பொறுப்பு. மரத்தை இப்போதே காவல் காக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் சாய்ந்த கிளையிலிருந்து விழும் பழங்களைப் பக்கத்து வீட்டு சலேஹாவின் பிள்ளைகள் பொறுக்குகிறார்கள். "எங்க மரத்துப் பழத்தைத் தொடாதீங்க, கிராண்டு இருக்கு!" என்று நேற்று சத்தம் போட்டேன். சலேஹா சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இனி எதையும் பார்க்காமல் விடக்கூடாது என்று அப்பா நில அளவையாளரை வரச் சொல்லியிருக்கிறார். நாளை எல்லைக்கல் நடுகிறார்கள்.

கறிவேப்பிலை மறுபடி மண்ணில் இருக்கிறது. டின்னை அம்மா ஆணி போட வைத்துக்கொண்டாள். உங்கள் மகன் குடும்பத்துக்கு எங்கள் அன்பு. லட்சுமிக்குத் தனியாக ஒரு கும்பிடு சொல்லச் சொன்னாள் அம்மா.

நன்றி மறவாத,
ப. சந்திரிகா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் அளவையாளர் வந்துவிட்டார். தோட்டம் முழுவதும் நம்முடையதுதான், மாமரத்தைத் தவிர. ஐயா வேலியை நான்கு அடி அந்தப் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறார். மரம் நிற்பது சலேஹாவின் நிலத்தில். போய் அவர் வாசலில் நின்றேன். "உனக்குத்தான் இது புதுசு. எனக்கு எப்பவோ தெரியும் லா" என்றார் அவர். "அந்தம்மா தினம் சாயங்காலம் அந்த மரத்துக்கிட்ட நின்னு புருஷனோட பேசுவாங்க. அவங்ககிட்டப் போய் எப்படிச் சொல்றது?" கூடை கட்டாயம் வரும், அனுப்புவது சலேஹா. நான் அன்று போட்ட சத்தத்துக்கு அவருக்கும் இதேபோல் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதை மலாயில் எழுத வேண்டும், எனக்கு மலாயில் சண்டை மட்டும்தான் சரளமாக வரும்.