போக மறுத்த வரி

அந்த வரியை அவன் அழித்துவிட்டான். ஆனாலும் திரையில் அது குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

'இந்தக் கணக்கை இப்படிப் போடச் சொன்ன மேலாளருக்குக் கூட்டல்கூடத் தெரியாது.'

எழுதியவன் அவனேதான். என்றைக்கோ எரிச்சலில் புரோகிராமுக்குள் ஒரு குறிப்பாகக் கிறுக்கி வைத்தது. இப்படி உள்ளே கிடக்கும் குறிப்புகளையெல்லாம் திரட்டி, மற்றவர்கள் படிக்கும்படி பக்கங்களாக்கிக் கொடுக்க அலுவலகத்தில் ஒரு கருவி இருந்தது. கர்மசிரத்தையாக இதையும் திரட்டிவிட்டது.

நாலு மணிக்கு மேலாளர் வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பக்கங்களைத் திறந்து காட்டப்போகிறார். அது முடிந்ததும் இவனுடைய மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். மனைவியும் கைக்குழந்தையும் வேறு ஊரில் இருந்தார்கள். பெற்ற பிள்ளையை இவன் போனில்தான் கொஞ்சிக்கொண்டிருந்தான். சாயங்காலம் நல்ல சேதி சொல்கிறேன் என்று காலையில்தான் மனைவியிடம் வாய் நிறையச் சொல்லியிருந்தான்.

அலுவலகத்தில் அவனுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். காரணம் இல்லாமல் இல்லை. எல்லாப் பக்கங்களையும் புதிதாகத் தயாரிக்க அரை நாள் ஆகிறதே என்று, மாறியதை மட்டும் தயாரித்தால் போதும் என்று போன வாரம் கருவிக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். குறிப்பை மாற்றினால் புரோகிராமா மாறிவிடப்போகிறது, அதையெல்லாம் கண்டுகொள்ளாதே என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தான். அதனால்தான் இப்போது குறிப்பை அழித்தும் பழைய பக்கம் அப்படியே நின்றது. குறிப்புகளைத் திரட்டுவதற்கென்றே இருக்கிற கருவியிடம் போய் இப்படிச் சொன்ன ஆளை என்ன செய்வது?

பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். "புரோகிராம்லயே எதையாவது லேசா மாத்துங்க. அப்ப முழிச்சுக்கும்."

மாற்றினான். கருவி விழித்துக்கொண்டது. வரி போயே போய்விட்டது. அவன் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் முகப்புப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்து நின்றது: 'இன்று நீக்கப்பட்டவை: மேலாளருக்குக் கூட்டல்கூடத் தெரியாது.'

இதுவரை உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் கிடந்தது. இப்போது வாசலுக்கே வந்துவிட்டது. அவன் தலையில் அடித்துக்கொண்டு முகப்புப் பக்கத்தையே தூக்கிவிட்டான். முகப்பைக் காணோம் என்று பதறிய கருவி, நடந்ததையெல்லாம் விளக்கி அலுவலகம் முழுவதற்கும் ஒரு மெயில் தயாரித்தது. கடைசியாக நீக்கிய வரியை மறக்காமல் மேற்கோள் காட்டியது. மேலாளர் பெயரை முதலில் போட்டது. எப்படி நிறுத்துவது என்று இவன் தடவுவதற்குள் மெயில் திரையை விட்டுப் போய்விட்டது.

மூலையில் யாரோ சிரித்தார்கள். மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மேலாளரின் செயலாளர் வந்து நின்றார். "சார் உங்களை உடனே வரச் சொன்னார்."

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் நாமே முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவதுதான் நல்லது என்று போகிற வழியிலேயே முடிவு செய்தான். உள்ளே மேலாளர் மாற்றல் உத்தரவை முன்னால் வைத்து, பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். உத்தரவைக் கோடு போட்டு அடிக்கத்தான் போகிறார் என்று இவனுக்குப் பட்டது.

"சார், அந்த வரி நான் எழுதினதுதான். உங்களுக்குக் கூட்டல்கூடத் தெரியாதுன்னு ஏதோ எரிச்சல்ல எழுதிட்டேன். இப்ப மெயில்ல எல்லாரும் படிச்சிருப்பாங்க. மன்னிச்சிடுங்க சார்."

மேலாளர் பேனாவை மெதுவாக மூடினார். எந்த வரி என்று கேட்டார்.

அவன் திரும்பி, பின்னாலேயே வந்து நின்ற செயலாளரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"காலையிலேருந்தே யாருக்கும் மெயில் போகலைங்க. அதைச் சரிபண்ணச் சொல்லத்தான் சார் உங்களைக் கூப்பிட்டார்."