என் கடையில் ‘மேட்’ என்று கூப்பிடத் தடை

வாரகப், மேற்கு ஆஸ்திரேலியா
சனிக்கிழமை

அன்புள்ள டோரீன் அக்காவுக்கு,

தம்பி நெவில் எழுதுவது. செவ்வாய்க்கிழமை, என் கடையில் யாரும் என்னை ‘மேட்’ என்று கூப்பிடக்கூடாது என்று பலகை மாட்டினேன். வெள்ளிக்கிழமைக்குள் இந்த ஊரில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது என்பது தெரிந்துபோயிற்று. மற்றபடி நலம். உன் முழங்காலும் கோழிகளும் நலமென்று நம்புகிறேன்.

பலகை மாட்டியது கோபத்தில். சிநேகிதனுக்கென்று ஏற்பட்ட சொல், அதை வைத்து இவர்கள் வாங்காத வேலை இல்லை. இழுத்து ‘மே...ட்’ என்றால் தள்ளுபடி கேட்கிறான், வெடுக்கென்று சொன்னால் சண்டைக்கு வருகிறான், அபராதம் போடும் போலீஸ்காரனும் மேட் என்கிறான், கைவிரிக்கும் வங்கிக்காரனும் மேட் என்கிறான், நாய்க்கும் அதேதான், தலையில் இடித்த கதவுக்கும் அதேதான். கிழவர்கள் ‘காபர்’ என்பார்கள், இளவட்டங்கள் ‘ப்ரோ’ என்பார்கள். சரக்கு ஒன்று, சுற்றிய தாள்தான் வேறு. என்னை நெவில் என்று கூப்பிட்டவள் என்னைக் கட்டிய மெர்ல் ஒருத்திதான். அவள் போனபின் அந்தப் பெயர் என் காதில் விழவே இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு ‘ரொம்ப வருத்தமா இருக்கு, மேட்’ என்றார்கள். அன்று அது ஆறுதலாகத்தான் இருந்தது.

புதன்கிழமை, கோதுமை விளைவிக்கும் கெவின் வந்தான். பல வருஷ வாடிக்கை.

“வேலிக்கம்பி ஒரு சுருள் குடு, மே...” பலகையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“பேரச் சொல்லிக் கேளு, தரேன்.”

“அதுக்கென்ன. உங்கப்பா ஹார்வி தங்கமான மனுஷன்.”

“எங்கப்பா ஹார்வி இல்ல. ஹார்விகிட்ட கடைய வாங்கினேன், பெயின்ட் செலவுன்னு பெயர்ப்பலகைய மாத்தல.”

“‘ஹார்வி அண்ட் சன்ஸ்’னு போட்டிருக்கே. அப்ப நீ சன்ஸ்ல சேத்தி இல்லையா?”

“இல்ல.”

“இத்தன வருஷமா மூத்தவன்னு நெனச்சிருந்தேம்ப்பா.”

கம்பி வாங்காமலே போய்விட்டான். அதன்பின் வந்தவர்கள் ஆணியை விரலால் காட்டி வாங்கினார்கள், ஊமைகளுக்கு நடத்தும் கடை மாதிரி இருந்தது. தபால்கூடக் கடைப் பெயருக்குத்தான் வருகிறது; நீ எப்போதாவது ஒரு கடிதம் போட்டிருந்தால் தபால்காரிக்காவது தெரிந்திருக்கும், நான் குறை சொல்லவில்லை. வியாபாரம் படிந்தது, மனுஷர்கள் படியவில்லை. கடையை விற்றுவிட்டு உன்னிடமே வந்துவிடுகிறேன். பின்னறையை ஒழித்துவை. குடக்கூலி தருவேன், சந்தை விலைக்கு மேல் தரமாட்டேன்.

உனக்கும் கோழிகளுக்கும் இன்னும் உன்னோடு பேசுகிற பக்கத்து வீட்டாருக்கும் என் அன்பு.

உன் தம்பி,
நெவில் ட்ரெவெனா

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் கெவின் வந்தான், முழங்காலெல்லாம் செம்மண். “ஒரு சுருள் கம்பி குடு, நெவில்,” என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “கல்லறைக்குப் போயி உன் சம்சாரம் கல்லுல உன் பேரப் பாத்தேன். களை மண்டிக் கெடந்துச்சு, பிடுங்கிப் போட்டேன். மொத வருஷமே கேட்டிருக்கணும், அப்பறம் கேக்க வெக்கமாப் போச்சு.” எனக்குச் சில்லறை எடுக்கச் சற்று நேரமாயிற்று. பின்னறையை ஒழிக்க வேண்டாம், அக்கா. எங்களுக்குள் முடிவானது இது: கம்பி முழு விலைக்கு, தள்ளுபடி கிடையாது, ஞாயிறு மதியம் அவன் வீட்டில் எனக்கு ஆட்டுக்கறி, கிழங்கு, அவன் என்னை எத்தனை தடவை வேண்டுமானாலும் மேட் என்று கூப்பிடலாம், போகும்போது ஒரு தடவை நெவில் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும்.