எண்பத்தெட்டாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டுப் பேர்

லெசோதோவில் எங்கள் மலை மாவட்டத்துத் தாய்மொழி மேம்பாட்டு அலுவலகத்தின் உதவி அலுவலர் லெபுசாவுக்குச் சுற்றறிக்கை வந்தது. சோதோ மொழி பற்றியும் அதைப் பேசுவோர் பற்றியும் மொழி நாள் விழாவில் அவர் அறிக்கை வாசிக்க வேண்டும். ஓர் ஆங்கிலச் சொல் கலந்தாலும் பதவி உயர்வு ரத்து.

அறிக்கை அருமையாக வந்தது. தொன்மை, மன்னர்கள், மலைகள், எங்கள் மக்கள் தோளில் போர்த்தும் போர்வைகள் எதுவும் விடுபடவில்லை. பேசுவோர் தொகையில்தான் சிக்கியது. மாவட்டத்தில் எண்பத்தெட்டாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டுப் பேர். எங்கள் மொழியில் எட்டு என்றால் 'இரு விரல் மடக்கியது'. எண்பத்தெட்டோ 'இரு விரல் மடக்கிய பத்துகள், இரு விரல் மடக்கிய வேர்களோடு'; ஒன்றுகளுக்கு வேர் என்று பெயர். சந்தையில் தக்காளி விற்பவள்கூட இதற்குப் பயந்து ஆங்கிலத்தில்தான் எண்ணுவாள். லெபுசா விரல்களை மடக்கி மடக்கி ஐந்து முறை சொல்லிப் பார்த்தார். ஆறாம் முறை விரல்கள் பிடித்துக்கொண்டன.

தட்டச்சர் மாலிம்போ எட்டிப் பார்த்தாள்.

"அய்யா, மூச்சு வாங்குதே. தண்ணி கொண்டாரவா?"

"தண்ணி வேணாம்மா. ஆளக் குறைக்கணும்."

"கடைசி எட்டுப் பேரு கணக்கெடுத்தப்பறம் செத்திருப்பாங்க. அடிச்சிடுங்க."

"எண்ணூறு?"

"சுரங்க வேலைக்கு எல்லை தாண்டிப் போனவங்க. அங்க என்ன பேசுறாங்களோ, யாரு கண்டா."

"இன்னும் எண்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் நிக்குதே."

"அவங்க எதுல எண்ணுறாங்க?"

"இங்கிலீஷ்ல."

"அப்ப அவங்க எப்படிங்கய்யா சுத்தமாப் பேசுறவங்க ஆவாங்க?"

அலுவலக நெறிமுறைப்படி இது மறுக்க முடியாத வாதம். மாலைக்குள் பத்துப் பேர் மிஞ்சினார்கள். பத்துக்கு ஒரே சொல்தான். அதற்கும் கீழே போவது மொழிக்குச் செய்யும் துரோகம் என்று லெபுசா நிறுத்திக்கொண்டார்.

விழாவில் "பத்துப் பேர்" என்று கணீரென்று வாசித்தார். எவரும் மறுக்கவில்லை. மற்ற ஒன்பது பேர் யாராக இருக்கும் என்று ஒவ்வொருவரும் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

மாவட்ட ஆணையர் மேடையிலேயே அவர் காதருகில் குனிந்தார். "அந்தப் பத்துல நான்..."

"மொத ஆளே நீங்கதான் அய்யா."

"உங்க பதவி உயர்வுக் கோப்ப நாளைக்கே அனுப்புங்க. கையெழுத்துப் போட்டுடுறேன்."

விருந்தில் வரிசை நின்றது. தலைமையாசிரியர், பாதிரியார், போர்வைக் கடைக்காரர் என்று எல்லோரும் அதையே கிசுகிசுத்தார்கள். லெபுசா எவரையும் ஏமாற்றாமல் தலையாட்டினார்.

கடைசியாக மாலிம்போ வந்தாள். "என்னையும் சேத்துட்டீங்கள்ல? மொத்தம் எத்தன பேருக்குத் தலையாட்டினீங்க அய்யா?"

லெபுசா சுற்றுமுற்றும் பார்த்தார். ஆணையரின் கார் போய்விட்டிருந்தது. ஆங்கிலத்தில் சொன்னார். அவளுக்கு உடனே புரிந்தது.