நிலா ஏன் விழவில்லை என்று செய்து காட்டினேன்

அதிகம் பேசாதவனை ஊர் நிதானமானவன் என்று நம்பிவிடும். தப்பு. பேச வராதவன் செய்து காட்டப் போவான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. என் கல்யாணம் அப்படித்தான் ஒரு மத்தியானம் பால்வாளியோடு பறந்து போகப் பார்த்தது.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்திய கதை. சிங்கப்பூருக்கு வடக்கே, காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். பெயர் சூசை. அப்பா அம்மா இல்லை. ஆரோக்கியம் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவும் மச்சானும் சோறு போட்டார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் உட்கார்ந்ததுண்டு. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். (நான் வாசித்து முடிப்பதற்குள் செய்தி பழசாகிவிடும்.)

எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் பாக்கியம். தோட்டத்து லாரி ஓட்டுகிறவன். ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போய் வருவான். வரும்போது தமிழ்ப் பத்திரிகை வாங்கி வருவான். ஒரு நாள் அதில் ஒரு செய்தி இருந்தது. ஜெர்மனியில் சில பேர் பெரிய வாணம் செய்து விட்டுப் பார்க்கிறார்களாம். பிற்காலத்தில் அதில் ஏறி நிலாவுக்கே போகலாம் என்கிறார்களாம்.

இரண்டு பேரும் சிரித்தோம். பாக்கியம் சிரித்துவிட்டு லாரி கழுவப் போனான். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மேலே எறிகிற எல்லாம் கீழே வருகிறது. அப்படியானால் நிலா மட்டும் ஏன் வரவில்லை? பிறந்ததிலிருந்து தலைக்கு மேலே கிடக்கிற சாமான். ஒரு நாளும் கேட்டுப் பார்த்ததில்லை. கேட்ட பிறகு விட முடியவில்லை.

அடுத்த நடை சிங்கப்பூர் போனபோது பாக்கியம் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தான். லாரி ஏறுபலகையில் உட்கார்ந்து சொன்னான்.

"கல்ல எறி. கொஞ்சம் தள்ளி விழுது. இன்னும் வேகமா எறி. இன்னும் தள்ளி விழுது. பூமி உருண்டைதானே? நீ எறியற வேகத்துல, கல்லு விழ விழ தரையும் வளைஞ்சு கீழ போயிட்டே இருந்தா?"

"தரை கெடைக்காது."

"அவ்ளோதான்லா. நிலாவும் விழுந்துகிட்டுதான் இருக்கு. பக்கவாட்டுல ஓடிகிட்டே விழுது. அதான் நம்ம மேல விழல."

அன்றைக்குக் குழம்பில் உப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. விழுந்துகொண்டே இருப்பது ஒரு வாழ்க்கை. விழுகிறவனுக்கே தெரியாது. பார்க்கிறவன் சுற்றுகிறது என்கிறான்.

அடுத்தது வாணம். வெயில் காலத்தில் ரப்பர்க் காய் வெடிக்கும். கொட்டை ஒரு பக்கம் பறக்கும், ஓடு எதிர்ப்பக்கம் பறக்கும். சின்ன வயதிலிருந்து தலையில் வாங்கியிருக்கிறேன். அப்போதுதான் உறைத்தது. ஒன்றைப் பின்னால் தள்ளுகிறபோது மற்றது முன்னால் போகிறது. வாணம் காற்றை உதைத்துக்கொண்டு போகவில்லை. தன் வயிற்றில் இருக்கும் புகையை உதைத்துப் போகிறது. ஆகவே காற்று இல்லாத இடத்திலும் போகும். இது எனக்குப் புரிந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. (இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.)

வேலை முடிந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து காய் வெடிப்பதைப் பார்க்கத் தொடங்கினேன். கங்காணி ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றார். கொட்டை பொறுக்குகிறாயா என்றார். இல்லை என்றேன். பின்னே என்ன செய்கிறாய் என்றார். வெடிப்பதைப் பார்க்கிறேன் என்றேன். சாயங்காலத்துக்குள் லயத்து வீடுகள் முழுக்கச் செய்தி போய்விட்டது. அன்றிலிருந்து நான் நிலா சூசை.

இந்தச் சமயம் பார்த்து மச்சான் எனக்குப் பெண் பேசினார். தங்காக்கில் சவரிமுத்து என்று ஒரு தையல்காரர். அவர் மகள் லூர்து. அவளை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருந்தேன். ஆயர் ஈத்தாமில் ஒரு கல்யாண வீடு. கேஸ் விளக்கு கொளுத்த வந்தவனிடம், திரி இல்லாமல் எப்படி எரிகிறது, எதற்குக் காற்று அடிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பதில் சொல்ல முடியாமல் அடுத்த விளக்குக்கு நழுவினான். அவள் விடவில்லை. பின்னாலேயே போனாள். கட்டினால் இவளைத்தான் என்று நான் அங்கேயே முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மச்சான் தானாக அந்த வீட்டுப் பேச்சை எடுத்தபோது, மாதாவே செய்த வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

தையல்காரர் கேட்டது ஒன்றே ஒன்று. பையன் நிதானமானவனாக இருக்க வேண்டும். மூத்த மகளை ஒரு கிறுக்கனுக்குக் கொடுத்துவிட்டு அழுதவர் அவர். மச்சான் நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருக்கிறார், என் மச்சினன் வாயே திறக்க மாட்டான் என்று. அது உண்மைதான். ஆனாலும் நேரில் பார்க்க வேண்டும் என்று தையல்காரர் கிளம்பிவிட்டார். வீட்டில் உட்கார வைத்துப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வேலை செய்கிற இடத்தில் பார்ப்பார்.

பால் நிறுக்கிற நேரத்துக்கு வந்தார். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். அவரே வெட்டி, அவரே தைத்தது. ஒரு சுருக்கம் கிடையாது. கோட்டுதான் அவருக்குக் கடைப் பெயர்ப்பலகை. காஹாங் செம்மண்ணில் அவ்வளவு தூரம் நடந்து ஒரு பொட்டு மண் ஒட்டாமல் வந்திருந்தார். நான் பால் ஸ்டோருக்கு வெளியே வரிசையில் நின்றேன். காலடியில் என் பால்வாளி. மச்சான் கைகாட்டினார். தையல்காரர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அளவு எடுப்பது மாதிரி இருந்தது.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பஸ்ஸுல ஒருத்தர் சொன்னாரு. நீங்க நிலாவுக்குப் போறதா இருக்கீங்களாமே."

மச்சான் முகம் செத்துவிட்டது.

"இல்லீங்க," என்றேன்.

"பின்ன?"

"அது ஏன் விழலன்னு பாக்கறேன்."

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் வாளியை இறக்கி வைத்துவிட்டார்கள். பாக்கியம் லாரியிலிருந்து இறங்கி வந்தான்.

"சரி. ஏன் விழல?" என்றார் தையல்காரர். கேலியாகக் கேட்கவில்லை. கிறுக்கா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிப் போக வேண்டுமா, இருந்து சாப்பிட வேண்டுமா என்பது என் பதிலில் இருந்தது.

எனக்கு எல்லாம் தெரியும். கல், வேகம், வளைகிற தரை, எல்லாம். மண்டையில் வரிசையாக நிற்கிறது. வாய்க்கு மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தேன். மூடினேன். அவர் கண் கொஞ்சம் சுருங்கியது. லூர்து கேஸ் விளக்குக்காரன் பின்னாலேயே போவது என் கண்ணுக்குத் தெரிந்தது. குனிந்து வாளியைத் தூக்கினேன்.

வாளியைத் தலைக்கு மேலே வேகமாகச் சுற்றினால் உள்ளே இருப்பது கொட்டாது. தலைகீழாக நிற்கும்போதும் கொட்டாது. குளிக்கிற இடத்தில் தண்ணீர் வைத்துப் பல தடவை செய்திருக்கிறேன். கை பூமி, வாளி நிலா. இதைப் பார்த்தால் யாருக்கும் புரியும். அன்றைக்குத் தண்ணீர் பக்கத்தில் இல்லை. வாளியில் முக்கால்வாசி பால் இருந்தது.

நான் யோசிக்காமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாக யோசித்தேன். வாளியின் கைப்பிடி ஒரு பக்கம் விட்டுப்போய் நானே கம்பி போட்டுக் கட்டியிருந்தேன். சுற்றும்போது கழன்றால்? உச்சியில் கழன்றால் வாளி இன்னும் மேலே போகும், திரும்பி என் தலையில் விழும். நனைவது நான்தான். போகட்டும். இப்படிக் கணக்குப் போட்டு, தையல்காரரை நன்றாகத் தெரிகிற இடத்தில், எனக்கு நேர் எதிரே நிற்கச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

பின்பக்கமிருந்து தூக்கி, தலைக்கு மேல் கொண்டுபோய், முன்பக்கம் இறக்கினேன். முதல் சுற்று ஒரு சொட்டு சிந்தவில்லை. வரிசையில் யாரோ ஆ என்றார்கள். தையல்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

உச்சியில் கம்பி விட்டது.

வாளி மேலே போகவில்லை. எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே நேராகப் போனது. உச்சியில் அது முன்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் தையல்காரர் நின்றார். வாளி அவர் தோளை உரசிக்கொண்டு தாண்டிவிட்டது. பால் தாண்டவில்லை.

பாக்கியம்தான் மெதுவாகச் சொன்னான். "அலமாக். நிலாவ விட்டா இப்படித்தான் போவும் போல."

(அவன் சொன்னது சரி. பிடித்து இழுக்கிற கை இல்லாவிட்டால் நிலாவும் நேராகத்தான் போகும். அன்றைக்கு அதைக் கேட்கிற நிலையில் யாரும் இல்லை.)

தையல்காரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்துடன் நான் சும்மா இருந்திருக்கலாம். பால் உறைவதற்குள் கோட்டைக் கழுவ வேண்டும் என்று ஸ்டோருக்குள் ஓடினேன். கைக்கு எட்டிய தொட்டியில் மொண்டு கொண்டுவந்து கோட்டின் மேல் ஊற்றினேன். அது ஷீட் போடுவதற்காகப் பாலை உறைய வைக்கிற காடித் தண்ணீர். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு வாசனையிலேயே தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்தது, ஊற்றிய பிறகு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டு கட்டிதட்டியது. பொத்தான் ஓட்டையோடு ஒட்டிப்போயிற்று. கை மடங்கவில்லை. அவர் இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு விறைத்து நின்றார். அக்கா கத்திரிக்கோலோடு ஓடிவந்தாள். அப்போதுதான் அவர் வாய் திறந்தார்.

"வேணாம்மா. நான் தச்சது. வெட்டக் கூடாது."

சாப்பிடவில்லை. பஸ்ஸுக்குப் போகிறேன் என்றார். மச்சானால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்தான் கூட நடந்தேன். ஏன் போனேன் என்று தெரியாது. ஓடி ஒளியத் தோன்றவில்லை. அவர் முன்னால், நான் பின்னால். பாதித் தூரத்தில் மழை பிடித்தது. ஒதுங்க இடமில்லை. நான் ஒரு நிமிஷத்தில் தொப்பலாகிவிட்டேன். அவர் நடந்துகொண்டே இருந்தார். அப்புறம் நின்றார். குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். மழைத்தண்ணீர் கோட்டின் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. விறைத்த கையை எப்படியோ கழுத்துப் பக்கம் உள்ளே விட்டுத் தடவினார். உள்சட்டையில் மழை இறங்கவே இல்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். துணியைப் பார்க்கிற பார்வை அது.

"தம்பி. அது ஏன் விழலன்னு இன்னும் சொல்லல நீங்க."

மழையில் எனக்கு வாய் வந்தது.

"விழுதுங்க. விழுந்துகிட்டேதான் இருக்கு. ஆனா ஓட்டத்த நிறுத்தல. அதான் தரையில மோதல."

அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார்.

"எம் பொண்ணு இந்த மாதிரிதான் எதையாச்சும் கேட்டுகிட்டே இருப்பா. எனக்குப் பதில் சொல்லத் தெரியாது," என்றார். பஸ் வந்தது. கை மடங்காததால் நான்தான் தூக்கி ஏற்றிவிட்டேன்.

அடுத்த மாதம் கோயிலில் கல்யாண ஓலை எழுதினோம். கல்யாணம் முடிந்து என்னோடு தனியாகப் பேசக் கிடைத்த முதல் நேரத்தில் லூர்து கேட்டது இது. "கைப்பிடி எந்த எடத்துல கழண்டுச்சு? உச்சியிலயா, எறங்கறப்பவா?"

"உச்சியில."

"அப்ப நேரா அப்பா மேலதான் போவும். அங்க ஏன் நிக்க வெச்சீங்க?"

மாமனார் அந்தக் கோட்டைத் தூக்கிப் போடவில்லை. மழை நாளில் அதைப் போட்டுக்கொண்டு தங்காக் முழுக்கச் சைக்கிளில் போவார். வெயில் பட்டால் பிசுபிசுக்கும், நாறும். கவலைப்பட மாட்டார். என்ன துணி என்று யாராவது கேட்டால், "மாப்பிள்ள போட்ட சீரு" என்பார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் எதையாவது விளக்கலாம் என்று எழுந்தால் போதும், பேரப்பிள்ளைகள் வரை சொல்வார்கள், கோட்டு போட்டவங்க தள்ளி நில்லுங்க என்று.

பிற்காலத்தில் மனிதன் நிலாவில் நடந்தான். மாமனார் அப்போது இல்லை. பாக்கியமும் இல்லை. பத்திரிகையில் படம் வந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்க முயன்றேன். லூர்து பொறுமையில்லாமல் பிடுங்கிக்கொண்டாள். வெள்ளை உடுப்பு. ஒரு பொட்டு தண்ணீர் உள்ளே போகாத உடுப்பு. மடங்காத இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு ஒருவன் விறைத்து நின்றான்.

அவள் வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கப்பா," என்றாள்.