ஆள் எடுக்கப் போய் ஈடாகிப் போனேன்

மற்றவர்களை வேலைக்குத் தேர்ந்தெடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்தவுடன் ஒரு நோய் தொற்றிக்கொள்கிறது. நாம்தான் எதிரே நிற்பவரை எடை போடுகிறோம், அவர் நம்மை எடை போடவில்லை என்று தோன்றிவிடும். எனக்கு அந்த நோய் இருபத்திரண்டு வயதில் வந்தது. ஜவ்வாது மலையில் இரண்டே நாளில் குணமானது.

நான்கு வருடத்துக்கு முன்பு, எண்பத்தொன்றில் நடந்தது. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு, அடிவாரத்து ஊர் ஒன்றில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் தற்காலிகம். அது முடிகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வெளிநாட்டில் எங்கள் சரக்கை வாங்குகிறவர் கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தார். புதிதாக இறக்கிய இருபது மெஷின்களிலும் அப்போது ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். இருந்தால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியோடு போளூருக்குப் போய் அப்பாவின் எதிரே நிற்க வேண்டும்.

ஆள் கிடைப்பது லேசாக இல்லை. அந்த ஒரு வருடத்தில் ஊரில் இன்னும் மூன்று கம்பெனிகள் முளைத்து, தைக்கத் தெரிந்த பெண்களையெல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தன. நான் சும்மா இருப்பேனா? ‘அடுத்த மூன்றாண்டுகளில் ஆள் தேவையும் ஆள் வரத்தும்’ என்று பதினோரு பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். (அவர் கேட்கவேயில்லை.) இனி அடிவாரத்தில் ஆள் கிடைக்காது, மலைக்குத்தான் போக வேண்டும், அப்படி வருகிறவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பேர் முதல் மாதமே நின்றுவிடுவார்கள் என்பது என் கணிப்பு. மேனேஜர் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, “சரி, நீயே போய்ட்டு வா” என்றார்.

சனிக்கிழமை காலை கம்பெனி வேனில் கிளம்பினேன். டிரைவர் கரீம் பாய். மடியில் ஃபைல். அதில் ஊசியில் நூல் கோக்கும் தேர்வு, கோட்டின் மேல் கத்தரிக்கும் தேர்வு, கண் பார்வைத் தேர்வு ஆகியவற்றுக்கான தாள்கள். கூடவே, பெண்கள் தங்கப்போகும் அறையைப் பற்றிய பதினான்கு குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் நேராக நான் போட்ட டிக்.

புதூர்நாடு தாண்டி ஒரு சின்ன ஊர். பலா மரத்தடியில் நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் சோதித்தேன். காளியம்மா என்று ஒருத்தி, முப்பது வயதிருக்கும், நான் ‘ஆரம்பிக்கலாம்’ என்று சொல்லி முடிப்பதற்குள் நூலைக் கோத்துவிட்டு “அவ்ளோதானா?” என்றாள். அவளையும் சேர்த்து இருபது பேரைத் தேர்ந்தெடுத்தேன். மற்றவர்களிடம், கைத்திறன் போதவில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று மிகவும் பதவிசாகச் சொன்னேன்.

இருபது பேரும் மூட்டையோடு வேனில் ஏறியதும் நானும் ஏறப் போனேன். ஊர்க்கவுண்டர் கதவில் கை வைத்தார்.

“ஈடு இன்னா வச்சிட்டுப் போறம்மா?”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். முன்பு ஆள் பிடிக்கிற மேஸ்திரி ஒருவன் எட்டுப் பேரை எஸ்டேட் வேலைக்கென்று கூட்டிப்போனானாம். ஐந்து மாதம் ஒரு தகவலும் இல்லை. கடைசியில் எட்டுப் பேரும் நடந்தே வந்து சேர்ந்தார்களாம். அதிலிருந்து ஊரில் ஒரு கட்டு. யார் ஆளைக் கீழே கூட்டிப்போனாலும், அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர் மேலே இருக்க வேண்டும். போனவர்களில் ஒருத்தி திரும்பி வந்து, இடம் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் விடுவார்கள்.

நான் கரீம் பாயைப் பார்த்தேன். கரீம் பாய் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

“அவரு வண்டி ஓட்டணும். பேசி ஆள் எடுத்தது நீதான? நீ இரு” என்றார் கவுண்டர்.

நான் பதறவில்லை. (பதறியதை வெளியே காட்டவில்லை.) ஞாயிறு மதியத்துக்குள் காளியம்மாவைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், மாலைக்குள் நான் கீழே போய்விட்டால், மெஷினை எப்படி மிதிப்பது என்றாவது சொல்லிக்கொடுத்துவிடலாம். அதற்கு ஒன்பது கட்டளைகள் எழுதிக் கரீம் பாயிடம் கொடுத்தேன். ஒன்பதாவது: நான் வரும்வரை யாரும் மெஷினைத் தொடக்கூடாது. வேன் போய்விட்டது.

மறுநாள் காலை, நான் கழித்துவிட்ட இருபது பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“நேத்து நீ எங்கள பாத்த. இன்னிக்கி நாங்க உன்ன பாக்கறோம்” என்றாள் ஒருத்தி.

சாமை குத்தச் சொன்னார்கள். முதல் குத்து உரலின் விளிம்பில் விழுந்தது, இரண்டாவது என் கால் கட்டைவிரலில். புளியங்கொட்டை எடுக்கச் சொன்னார்கள். நான் ஒரு கைப்பிடி முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்தவள் ஒரு முறம் முடித்துவிட்டு எனக்கு உதவவும் வந்தாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடேறினேன். வந்து சேர்ந்தது குடம்தான், தண்ணீர் இல்லை. அவர்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி என் தோளில் கை வைத்து, கைத்திறன் போதவில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று என் வார்த்தையிலேயே சொன்னாள். சிரித்திருந்தாலே தேவலை.

மதியம் வேன் வரவில்லை. கீழ்ப்பக்கம் மழை இருட்டிக்கொண்டு நின்றது. மூன்று மணி ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. வேன் வராததற்கான காரணங்களை ஃபைலின் பின்பக்கம் பட்டியல் போட்டேன். எட்டு வந்தன. ஆறில், சனிக்கிழமை இறங்கும்போதே வேன் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. அதில் இருபது பேர் இருந்தார்கள், இருபது பேரும் என் கையெழுத்தில் போனவர்கள். அதற்குப் பிறகு எனக்கு மெஷினும் ஞாபகமில்லை, வேலை நிரந்தரமும் ஞாபகமில்லை. கவுண்டர் அடிக்கடி பாதையை எட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. ஞாயிறன்று மேலே வரும்போது வழியில் மரம் விழுந்து கிடந்ததாம், அறுத்துத் தள்ள விடிந்துவிட்டதாம். காளியம்மா இறங்கினாள். என்னை ஏறிட்டுப் பார்க்காமல் நேராகக் கவுண்டரிடம் போனாள்.

கூரை ஒழுகவில்லை, தண்ணீர் உண்டு, சோறு பரவாயில்லை, உப்புதான் கொஞ்சம் தூக்கல் என்று வரிசையாகச் சொன்னாள். என் பதினான்கு குறிப்புகளையும் அவள் மனப்பாடம் செய்தது போலிருந்தது. நான் மூச்சு விட்டேன். அப்போது அவள் பதினைந்தாவதைச் சொன்னாள்.

“படுக்கற ரூமுக்கு தாப்பா வெளியதான் இருக்குது. உள்ள இல்ல.”

கவுண்டர் என் பக்கம் திரும்பினார். நான் ஃபைலைப் புரட்டினேன். ஆறாவது குறிப்பு: கதவு, தாழ்ப்பாள், உண்டு. டிக். எந்தப் பக்கம் என்று ஒரு டிப்ளமாக்காரி எழுத வேண்டாமா? அது முன்பு தோல் கிடங்காக இருந்த அறை என்று சொன்னேன். (ஆள் எடுக்கிறவர்களின் பதில் எப்போதும் இப்படித்தான். உண்மையாக இருக்கும், ஒன்றுக்கும் உதவாது.)

“அப்ப மீதி பத்தொம்பது பேரையும் ஏத்தி அனுப்பிடு” என்றார் கவுண்டர். குரலை உயர்த்தவில்லை, வேன் கதவில் மறுபடியும் கை வைத்தார்.

மணி ஏழரை. கீழே போக இரண்டரை மணி நேரமாவது வேண்டும். என்னை விடுங்கள், போனதும் முதல் வேலையாக அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் போடுகிறேன் என்று கெஞ்சினேன். எதை நம்பி விடுவது என்று கேட்டார். படிப்பு முடித்ததற்கு ஏதோ காகிதம் கொடுப்பார்களாமே, அதை வைத்துவிட்டுப் போ என்றார்.

“அது கம்பெனில இருக்குதுங்க. வேலைக்குச் சேரும்போதே வாங்கி வச்சிக்கிட்டாங்க.”

“ஏன்?”

“நடுவுல நான் வேலைய வுட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. காளியம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“அங்க ஒரு ஈடு, இங்க ஒரு ஈடு. எத்தினி எடத்துலதாம்மா உன்ன ஈடு வைப்பாங்க?” என்றார் கவுண்டர். கதவிலிருந்து கையை எடுத்தார். “போ. காளி கூட வருவா. இன்னிக்கி பொழுது சாயறதுக்குள்ள அந்தத் தாப்பா இங்க வரணும். வரலன்னா நாளைக்கி நாங்களே வந்து கூட்டிக்குவோம்.”

கம்பெனி வாசலில் இறங்கும்போது மணி பத்தே கால். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பத்தொன்பது பெண்கள் பத்தொன்பது மெஷின்களின் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் மெஷினைத் தொடவில்லை, என் ஒன்பதாவது கட்டளைப்படி. முதலாளியும் மேனேஜரும் வெளிநாட்டுக்காரரும் அவர்களுக்கு எதிரே நின்றார்கள். எல்லோரும் யாருக்கோ மௌன அஞ்சலி செலுத்துவது போல் இருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் வா என்று கண்ணைக் காட்டினார்.

காளியம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. படுக்கும் அறையின் எதிரே போய் நின்றுகொண்டாள். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது. மூன்றாவதில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் பூட்ஸ் சத்தம். இது என்ன வேலை என்று முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“தாப்பாள உள்பக்கம் மாத்தறேன் சார்” என்றேன்.

முதலாளி அதை இங்கிலீஷில் என்னவாகச் சொன்னாரோ தெரியாது. வெளிநாட்டுக்காரர் காளியம்மாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு கதவு ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைசி ஸ்க்ரூவும் வந்தது. உள்பக்கத்துக்குக் கடையிலிருந்து புதுத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டோம். பழையது பொழுது சாய்வதற்குள் கரீம் பாயோடு மலையேறியது.

ஆர்டர் கிடைத்தது. தாமதமாக வந்ததற்காக என் தற்காலிகத்தை மூன்று மாதம் நீட்டினார்கள். நிரந்தரமான அன்று சர்டிபிகேட்டைத் திருப்பிக் கேட்டேன். எதற்கு என்றார் மேனேஜர், மலையில் கேட்கிறார்கள் என்றேன், கொடுத்துவிட்டார். இருபது பேரில் முதல் வருடம் ஒருத்தியும் வேலையை விட்டு நிற்கவில்லை. பதினோரு பக்க அறிக்கையை நானே கேட்டு வாங்கிக் கிழித்தேன்.

போன வருடம் போளூரில் எனக்குக் கல்யாணம். இருபது பேரும் வந்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் எதிரே காளியம்மா போய் நின்று, “எங்க பொண்ண கூட்டிட்டுப் போறீங்க. ஈடு இன்னா?” என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று காலை என் அப்பா போட்டுவிட்ட வாட்சைக் கழற்றிக் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு மலையேறிவிட்டாள். நானே நேரில் வந்து இடம் சரியாக இருக்கிறது என்று சொன்னால்தான் வாட்ச் திரும்புமாம்.

இப்போதும் அவர் மணி என்ன என்று கேட்டால், மாமியார் உட்பட வீட்டில் எல்லோரும் மலை இருக்கும் திசையைக் கை காட்டுகிறார்கள். நான் இரண்டு முறை மலைக்குப் போய் வந்துவிட்டேன். இரண்டு முறையும், இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் காளியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.