யாரோடும் சண்டை போடாதவர்

திருச்சி ஜில்லாவிலேயே யாரோடும் சண்டை போடாத ஒரே மனிதர் எங்கள் அறையில்தான் குடியிருந்தார். இதை நம்பவில்லை என்று நீங்கள் அவரிடமே போய்ச் சொல்லியிருந்தால், "வாஸ்தவம்" என்றிருப்பார்.

அந்த வார்த்தையே அவருக்குப் பெயராகிவிட்டது. ஐம்பதுகளின் கடைசியில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்து மாடி லாட்ஜ் ஒன்றில் வாஸ்தவமும், ஆரோக்கியசாமி என்ற பள்ளிக்கூட வாத்தியாரும், நானும் ஒரே அறையில் இருந்தோம். வாஸ்தவமும் நானும் ஒரே ஆபீசில் குமாஸ்தாக்கள்.

"காத்தே இல்லை, ஜன்னல் திறந்திருக்கட்டும்" என்பார் ஆரோக்கியசாமி. "வாஸ்தவம்" என்று எழுந்து திறப்பார். "கொசு வருதே சார்" என்பேன் நான். "வாஸ்தவம்" என்று எழுந்து மூடுவார். ஒரு நாள் சாயங்காலம் முழுக்க இப்படியே போயிற்று. மனிதருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு நாங்களே ஜன்னலின் ஒரு கதவைத் திறந்து ஒரு கதவை மூடிச் சமாதானமாகிவிட்டோம்.

இதற்கெல்லாம் அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. "மனுஷங்களோட ஒத்துப்போறது ஒரு பயிற்சி சார். எதிராளி பேசி முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கணும். அப்புறம் அவர் சொல்றதுல என்ன நியாயம் இருக்குன்னு பார்க்கணும்."

"நியாயமே இல்லைன்னா?"

"வாஸ்தவம். சில சமயம் இருக்காது."

இந்தப் பயிற்சி ஒரு சித்திரை மாதத்தில் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்கிறேன். முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். "வெயில் கொளுத்துது, மொட்டையே போட்டுடலாமே சார்" என்றாராம் சலூன்காரர். வாஸ்தவம். "மொட்டைத் தலைக்கு மீசை நல்லாவா இருக்கும்?" வாஸ்தவம்.

மறுநாள் ஆபீசில் ஹெட்கிளார்க் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அடடா, அப்பாவா?" என்றார். வாஸ்தவம் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "வயசானா போய்ச் சேர வேண்டியதுதானே. நம்ம கையில என்ன இருக்கு?"

"வாஸ்தவம்."

அவ்வளவுதான். ஆபீசே எழுந்து வந்து துக்கம் விசாரித்தது. மானேஜர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "படுக்கையில கிடக்காமப் போறதும் ஒரு கொடுப்பினை" என்றார். அதையும் இவரால் மறுக்க முடியவில்லை. உண்மை தெரிந்த நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அறையில் வந்து படுத்துக்கொண்டார்.

அந்த வாரமே, திருவெள்ளறையிலிருந்து ஒரு பெரியவர் பை நிறைய முருங்கைக்காயோடு ஆபீசுக்குள் வந்து மகனின் பெயரைச் சொல்லி விசாரித்தார்.

"நீங்க அவருக்குப் பெரியப்பாங்களா?" என்றார் ஹெட்கிளார்க்.

"அப்பாங்க."

ஹெட்கிளார்க் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெரியவரை நான்தான் அறைக்கு அழைத்து வந்தேன். வழியில் விஷயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மகன் காபி வாங்கிவரக் கீழே இறங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"முன்னாலெல்லாம் இவன் இப்படி இல்லை தம்பி. வாதம் பண்ண ஆரம்பிச்சா ஜெயிக்காம விட மாட்டான். பெண்டாட்டி செத்தா, அதோட சரி. அவ எப்படிச் செத்தான்னு எங்கிட்டகூடச் சொன்னதில்லை. வருஷா வருஷம் திதி அன்னிக்கு மாமியார் வீட்டு வாசல்ல போய் நிப்பான். அந்தம்மா முகத்தைப் பார்க்காது. திரும்பிடுவான். இந்தத் தடவை நீங்களாவது கூடப் போய்ட்டு வாங்க."

போனேன். உப்பிலியபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நல்ல வெயில். மாமியார் வீட்டு வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. வெகுநேரம் நின்றோம். கடைசியில் நெல்லைப் பார்த்தபடியே பேசினார்.

"எம் பொண்ணைக் கொன்னவன் நீ."

"வாஸ்தவம்" என்றார் இவர்.

அந்த அம்மாள் நிமிர்ந்தார். "ஊர்ல எல்லாருக்கும் சொல்ற வார்த்தையை எனக்கும் சொல்றியா?"

எனக்கு அங்கிருந்து போய்விடலாம் போலிருந்தது. இவர், என் காதில் அதுவரை விழாத ஒரு குரலில் பேசினார்.

"வயித்துல வலின்னு சொன்னா. வாயுன்னேன். இல்லைங்க, இது வேற வலின்னு சொன்னா. எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்னு கேட்டேன். டாக்டர்கிட்டப் போகலாம்னா. எதுக்குப் போகக் கூடாதுன்னு ஒவ்வொண்ணா எடுத்துச் சொன்னேன். கடைசியில, சரி, நீங்க சொல்றதுதான் சரின்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். காலையில வண்டி பிடிச்சேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டா."

அந்த அம்மாள் நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமும் இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அழவில்லை. நெல்லைக் கையால் அளைந்தபடி கேட்டார்.

"என்னைக் கேட்டாளா?"

"கேட்டா. அம்மாகிட்டச் சொல்லி அனுப்புங்கன்னா."

"அப்புறம்?"

"தண்ணி கேட்டா."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தார். இவர் கையில் கொடுக்கவில்லை. படியில் வைத்தார்.

"குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

அதற்குமேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் நான் உடன் போகவில்லை. அதற்குள் எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில், துறையூர் தாண்டியதும் அவர் என் தோளில் சாய்ந்து, குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். எச்சில் என் சட்டையை நனைத்தது. கை மரத்துப்போயிற்று. திருச்சி வந்து சேரும்வரை நான் அசையவில்லை.