இரண்டாம் சீசன் தாடி

மனிதர்களில் 'சீரியலில் தலைகாட்டியவர்' என்றொரு வகை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? தாஸ்மேனியாவின் மேற்குக் கரையில், மழை விட்டால் தூறல் பிடித்துக்கொள்கிற எங்கள் சின்னத் துறைமுக ஊரில் இந்த வகை கொழித்து வளர்கிறது. அந்தக் காலத்துக் கைதிகள் குடியிருப்பைப் பற்றித் தொடர் எடுக்க டிவிக்காரர்கள் வந்தார்கள். கைதிகளாக நிற்க ஊர் ஆண்களைப் பிடித்தார்கள். காட்சிக்குக் காட்சி முகம் மாறினால் கன்டினியூட்டி கெட்டுவிடும், யாரும் சவரம் செய்யக்கூடாது என்றார்கள். எடுத்து முடித்ததும் மூட்டை கட்டினார்கள். இனிமேல் செய்யலாம் என்று சொல்ல மறந்துவிட்டார்கள்.

மற்றவர்கள் மழித்துவிட்டார்கள். நண்டுப் படகுக்காரர் டெஸ்மண்ட் விடுவாரா?

பப்பில் பீர் வைத்தால், "கைதிக்கு இதெல்லாம் ஏது?" என்று பெருமூச்சு விட்டுவிட்டுக் குடிப்பார். குளிர்கிறது என்று சொல்லிவிட்டால் போச்சு. "சாட்டையடி வாங்கினவன்கிட்ட வந்து குளிரப் பத்திப் பேசறியா?" படப்பிடிப்பில் அவரை அடித்தது பஞ்சுச் சாட்டை. தாடியோ நிஜம், சூப்பில் அவருக்கு முன்னால் அது இறங்கும்.

மகள் கெய்லாவுக்குக் கல்யாணம் வந்தது. அதற்குச் சில நாள் முன்பு ஒரு மாலை நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

"அப்பா, இந்தத் தாடியோட நீ என்கூட நடக்க வேணாம். மாப்பிள்ளைகிட்ட நான் தனியாவே நடந்து போய்க்கறேன்."

"ரெண்டாவது சீசனுக்குக் கூப்பிட்டா? மூஞ்சி மாறிட்டா வேற ஆளப் போட்டுடுவான்டி!"

"நாலு வருஷமா கூப்பிடாதவன் கல்யாணத்தன்னிக்குத்தான் கூப்பிடப் போறானா?" என்றார் அவர் மனைவி நரெல்.

கெய்லா ரிமோட்டை எடுத்து, அந்தச் சாட்டையடிக் காட்சியைப் போட்டு நிறுத்தினாள்.

"இதுல உன் மூஞ்சி எங்கப்பா? வெறும் முதுகு."

ஊரே பலமுறை பார்த்த காட்சிதான். "அதோ நான்!" என்று அவர் போடும் கூச்சலில் எதைக் காட்டுகிறார் என்று யாரும் கவனித்ததில்லை, அவர் உட்பட. டெஸ்மண்ட் டிவிக்கு அருகே போய் வெகுநேரம் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது.

கல்யாணத்தன்று மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு வந்தார். கெய்லா அழுதேவிட்டாள். அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

"வேணாம் தம்பி. எனக்கு அந்தப் பக்கம்தான் எடுப்பா இருக்கும்," என்று முதுகைக் காட்டி நின்றுவிட்டார்.

ஆல்பம் முழுக்க மணமகள் பக்கத்தில் ஒரு முதுகு. சிரிக்காதீர்கள். என்றோ ஒருநாள் யாரோ கைதட்டிய பிறகு நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறீர்கள் என்று உங்கள் வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள்.